குறைந்தது ஈயமா, எண்ணா? ஒரு மேட்டாங்காட்டின் பத்தாண்டு மண் கணக்கு

பின்னணி

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே, கரூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளி இருக்கிறது அந்தக் காடு. கொங்கு நாட்டில் காடு என்றால் வனம் அல்ல, மானாவாரி நிலம். மொத்தம் பதினோரு ஏக்கர். அதில் நான்கு ஏக்கர் தலைமுறைகளாக உழவு காணாத கொரங்காடு: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். செம்மண்ணில் சரளை அதிகம். முக்கால் முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. பள்ளக்கடையில் மழைநீர் நிற்க ஒரு குட்டை உண்டு.

கொரங்காட்டின் மேற்கு எல்லையில் ஓர் இட்டேரி, அதாவது இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. அதற்கு அப்பால், 2006 வாக்கில் யாரோ ஒருவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் வேலை, பெரும்பாலும் இரவில் நடந்தது. பழைய பேட்டரிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் போக வேண்டும் என்று 2001 முதலே விதி இருக்கிறது. அந்தக் கொட்டகைக்குப் பதிவு எதுவும் இல்லை. ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஆனால் தகட்டில் அப்பியிருக்கும் சல்பேட்டையும் ஆக்சைடையும் ஈயமாக மாற்ற அதைவிட மிகுந்த சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் நுண்துகளாகப் புகையோடு கிளம்பும். சுற்றுவட்டாரத்தில் இதை யாரும் அறிந்திருக்கவில்லை. "இராத்திரியில் தொண்டை கரகரக்கும்" என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது.

2012-இல் தோட்டத்துக்காரரின் இரண்டு காங்கேயம் பசுக்கள் அடுத்தடுத்து இறந்தன. முதலில் தீனி எடுக்கவில்லை. பிறகு பல்லை நறநறவென்று கடித்தன. பார்வை போய், தொழுவத்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்றன. கால்நடை மருத்துவர் பிணக்கூறு ஆய்வு செய்தபோது ஒரு பசுவின் வயிற்றில் நகக்கண் அளவுக்கு ஈயத் தகட்டுத் துண்டு கிடைத்தது. மற்ற மாடுகளின் இரத்தத்திலும் ஈயம் தெரிந்தது. ஊரார் திரண்டு போய்க் கேட்டதில், சில வாரங்களில் கொட்டகை இரவோடு இரவாகக் காலியானது. அங்கே வேலை செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் எங்கே போனார்கள், அவர்களை யாராவது சோதித்தார்களா என்று கேட்க அன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. மாட்டுக்குப் பார்த்தோம், மனிதருக்குப் பார்க்கவில்லை.

எங்கள் குழு ஒரு கல்லூரியின் மண்ணாய்வுப் பிரிவு. பேராசிரியர் ஒருவர், நான், இரண்டு மூன்று மாணவர்கள். மருத்துவர் சொல்லித் தோட்டத்துக்காரர் எங்களிடம் வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "மாட்டை எப்போது திரும்ப அவிழ்த்துவிடலாம் சார்?"

முதல் மாதிரி: மாசி, 2013

உரப் பரிந்துரைக்கு மண் எடுக்கும் முறையிலேயே எடுத்தோம். 'வி' வடிவத்தில் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி, பதினைந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, கால்பங்கிட்டு அரைக் கிலோவாகச் சுருக்கினோம். மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில் இருந்த இன்னொரு கொரங்காட்டிலும் ஒப்பீட்டுக்காக ஒரு மாதிரி எடுத்தோம். பேராசிரியர் வற்புறுத்தியதால்தான் அதை எடுத்தோம். பின்னாளில் எங்களைக் காப்பாற்றியவற்றில் அதுவும் ஒன்று.

ஒப்பீட்டு நிலத்தை எங்கே தேர்ந்தெடுப்பது என்பதில் அன்று ஒரு வாக்குவாதம் நடந்தது. வேறு மாவட்டத்து எண்களை நூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றான் ஒரு மாணவன். பேராசிரியர் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியைச் சுட்டிக்காட்டினார். அங்கே பாறையிலேயே குரோமைட் அடுக்கு ஓடுகிறது. எந்தத் தொழிற்சாலையும் இல்லாமலேயே மண்ணில் குரோமியம் கூடித் தெரியும். பாறை மாறினால் மண்ணின் பிறவிக் குணமும் மாறும். ஆகவே ஒப்பீட்டு நிலம் அதே பாறை, அதே சரிவு, அதே பயன்பாடு உள்ளதாக இருக்க வேண்டும் என்றார். நெடுஞ்சாலையிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். 2000-இல் ஈயப் பெட்ரோல் நின்றாலும், அதற்கு முன் புகையில் வந்த ஈயம் சாலையோர மண்ணைவிட்டுப் போய்விடவில்லை.

மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, இராஜதிராவகத்தில் கரைத்து, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு உலோகத்தை அளக்கும் எங்கள் அணு உட்கவர் கருவியில் அளந்தோம். கிலோவுக்கு 168 மில்லிகிராம் ஈயம். ஒப்பீட்டு நிலத்தில் 25.

அறிக்கையில் இரண்டு வரி எழுதினோம்: ஈயம் இயல்பைவிட ஆறு, ஏழு மடங்கு கூடுதல், இந்த நிலத்தில் மாடு மேய்க்க வேண்டாம். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மீதி மண்ணை இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்துத் தேதி எழுதி அலமாரியின் அடித்தட்டில் வைத்தோம்.

2016: மகிழ்ச்சி தந்த எண்

மூன்றாண்டு கழித்துத் தோட்டத்துக்காரரே போன் செய்தார். மண்வள அட்டைக்காக எடுத்த மாதிரியின் முடிவு வந்திருக்கிறது, ஈயம் எவ்வளவு என்று அதில் போடவில்லையே என்றார். 2015-இல் தொடங்கிய அந்த அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு துத்தநாகம், இரும்பு, தாமிரம் போன்ற நுண்சத்துகள் உண்டு. ஈயமோ காட்மியமோ கிடையாது. மறுபடி நாங்களே போனோம்.

எங்கள் கருவி அப்போது பழுதாகிக் கிடந்தது. மாதிரியை எடுத்து வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். முடிவு: 96. 168-லிருந்து 96. கொட்டகை போய்விட்டது, மழை பெய்திருக்கிறது, மண் தன்னைத் தானே கழுவிக்கொண்டது என்று எல்லாரும் நம்ப விரும்பினோம். ஒரு மாணவி வரைபடமே போட்டுவிட்டாள். இதே வேகத்தில் குறைந்தால் 2020-க்குள் இயல்பு நிலைக்கு வந்துவிடும் என்று கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்துப் பேராசிரியர் கேட்டார்: "ஈயம் எங்கே போயிற்று?"

கேள்வி எளிது. ஈயம் ஆவியாகாது, மட்காது. பயிர் எடுப்பதும் மிகச் சொற்பம். கார அமிலநிலை 8.3 உள்ள சுண்ணாம்பு மண்ணில் நீரோடு கரைந்து கீழே இறங்குவதும் அரிது. மண்ணில் விழுந்த ஈயம் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். மூன்றே ஆண்டில் நாற்பது விழுக்காடு போயிருந்தால், அது போன வழி ஒன்று இருக்க வேண்டும். எங்களால் ஒரு வழியையும் காட்ட முடியவில்லை.

இதே மாதிரியில் துத்தநாகம் இருமடங்காகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம். அந்தப் புதிர் ஒரு நாளில் அவிழ்ந்தது. களத்தில் மண்ணைக் கலக்க மாணவர்கள் தோட்டத்துத் தகர வாளியைப் பயன்படுத்தியிருந்தார்கள். தகரத்தின் மேற்பூச்சே துத்தநாகம்தான்.

பழைய புட்டியைத் திறந்தோம்

அலமாரியின் அடித்தட்டில் 2013-இன் புட்டிகள் இருந்தன. அந்த மண்ணிலும், ஒப்பீட்டு நிலத்து மண்ணிலும் சிறிது எடுத்து, எது எதுவென்று சொல்லாமல் எண் மட்டும் இட்டு, ஈய அளவு முன்பே உறுதிசெய்யப்பட்டு விற்கப்படும் சான்று மண்ணும் ஒரு பொட்டலம் சேர்த்து, அதே வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

2013-இன் மண்ணுக்கு 150 என்று வந்தது. நாங்கள் 168 என்று எழுதிய அதே மண். ஒப்பீட்டு நிலம் 25 அல்ல, 16. சான்றளிக்கப்பட்ட மண்ணில் அந்த ஆய்வகம் ஏறத்தாழ சரியான விடையைச் சொல்லியிருந்தது. ஆகவே பிழை எங்களுடையது. காரணத்தையும் கண்டுபிடித்தோம். சுண்ணாம்பு மிகுந்த கரைசலில் 217 நானோமீட்டர் அலைநீளத்தில் ஈயத்தை அளக்கும்போது, ஈயமல்லாதவையும் ஒளியைத் தடுக்கும். அதைக் கழிக்கக் கருவியில் பின்னணித் திருத்தம் இருக்கிறது. 2013-இல் நாங்கள் அதை இயக்கவே இல்லை. அன்று ஒரே ஒரு சான்று மண்ணைச் சேர்த்து அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வாங்கப் பணமில்லை என்பது அப்போது சொன்ன காரணம். உண்மையில் சோம்பல்.

ஆக, 72 மில்லிகிராம் வீழ்ச்சியில் 18 வெறும் ஆய்வக வேறுபாடு. மீதி 54 எங்கே?

அதற்கான விடையைத் தோட்டத்துக்காரரின் தாயார்தான் சொன்னார். மறுபடி குழி வெட்டப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆத்தா, "உழுத காட்டில் என்ன கண்ணு தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். உழுத காடா? தலைமுறைகளாக உழாத கொரங்காடு என்றல்லவா எங்கள் குறிப்பேட்டில் இருந்தது! விசாரித்தால், 2015 ஐப்பசியில் நல்ல மழை. மாட்டை மேய்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்லிவிட்டோம், மாட்டுக்குத் தீனி வேண்டும். தோட்டத்துக்காரர் டிராக்டரை வரவழைத்து, சட்டிக் கலப்பை போட்டு ஆழ உழுது, தட்டுக்காகச் சோளம் விதைத்திருக்கிறார். அவர் செய்தது நியாயம். உழாதே என்று நாங்கள் எழுதவில்லையே.

வேலியோரம் கலப்பை எட்டாத ஒரு கோடு மட்டும் உழவுக்குத் தப்பியிருந்தது. அங்கே மண்ணைப் படிப்படியாக வெட்டி அளந்தோம். மேல் 5 சென்டிமீட்டரில் 372. அதற்குக் கீழ் 15 வரை 36. அதற்கும் கீழே 16, அதாவது இயல்பு நிலை. உழுத இடத்திலோ மேலிருந்து 25 சென்டிமீட்டர் வரை எந்தப் படியை எடுத்தாலும் 95-க்கும் 98-க்கும் இடையில். அதற்குக் கீழே சட்டென்று 17.

அரிசிமாவில் ஒரு கரண்டி மஞ்சள்தூள் மேலாகக் கிடந்ததைக் கலக்கிவிட்டது போலத்தான். மஞ்சள் வெளிறியது, குறையவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மண்ணின் எடை ஒரு கனமீட்டருக்கு 1,500 கிலோ என்று வைத்தால், 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் 2013-இல் ஒரு சதுர மீட்டருக்கு 36 கிராம் ஈயம். 2016-இலும் அதே 36 கிராம். அதில் இயல்பாக இருப்பது 6 கிராமைக் கழித்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 120 கிலோ. ஒரு கார் பேட்டரியில் பத்துக் கிலோவை ஒட்டி ஈயம் இருக்கும். ஏக்கருக்குப் பன்னிரண்டு கார் பேட்டரிகளைப் பொடித்துத் தூவியதற்குச் சமம்.

இந்தக் கணக்கில் எங்களுக்கு வலித்த இடம் வேறு. 2013-இல் ஈயம் பெரும்பாலும் மேல் 5 சென்டிமீட்டரில் இருந்தது. அன்று அந்த மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்த நினைத்திருந்தால் ஏக்கருக்கு 300 டன். செலவுதான், ஆனால் நினைத்துப் பார்க்கக்கூடிய வேலை. உழுத பிறகு அதே ஈயத்தை எடுக்க ஏக்கருக்கு 1,500 டன் மண்ணை அள்ள வேண்டும். அள்ளி எங்கே கொட்டுவது? 15 சென்டிமீட்டரை ஒரே கலவையாக எடுத்து ஒரே எண்ணாக எழுதிய எங்கள் அறிக்கை, அந்த வாய்ப்பு இருந்ததையே யாருக்கும் காட்டவில்லை.

காற்றும் வேலியும்: 2017

பரப்பை அறிய, துப்பாக்கி போல் கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்றை இரவல் வாங்கினோம். மண்ணின் மேல் வைத்து விசையை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் எண் வரும். ஆய்வகத்துக்கு மாற்று ஆகாது. ஈரம் இருந்தால் குறைத்துக் காட்டும். ஆர்செனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுவதால் ஒன்று மற்றதாகத் தோன்றும். ஆனால் எங்கே தோண்டுவது என்று சொல்ல அதைப்போல் வேறொன்றில்லை. ஒரே நாளில் அறுபது புள்ளிகள் பார்த்தோம்.

எல்லையை வைத்து மாதிரி எடுத்த எங்கள் பழைய முறை எவ்வளவு குருட்டுத்தனம் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று அம்மியையும் பறக்க வைக்கும் என்பார்கள். அது ஈயத்தையும் நேராகக் கிழக்கே கொண்டுபோயிருந்தது. கொட்டகைக்கு வடக்கிலும் தெற்கிலும் நூறு மீட்டர் விலகினாலே இயல்பு நிலை. கிழக்கே முந்நூறு மீட்டர் வரை தடம். மிக அதிகமாக இருந்த இடம் கொரங்காடு அல்ல, இட்டேரியை ஒட்டிய கிளுவை வேலியின் அடிவாரம். காற்றை மறித்து நின்ற கிளுவை, தூசியைத் தன் காலடியில் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் பார்த்தபோது அந்த மண்ணில் 610. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஓணான் அடித்து விளையாடுவது அந்த வேலியடியில்தான்.

வீடு கொட்டகைக்கு மேற்கே, காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தது நல்லூழ். இருந்தாலும் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னோம். செய்தார்கள். கவலைப்படும் அளவில் இல்லை என்றார் மருத்துவர். 2013-இலேயே சொல்லியிருக்க வேண்டியதை நான்காண்டு கழித்துச் சொன்னோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஈயம் மாட்டுக்கு எந்த வழியில் போகிறது என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. ஆடியில் புல்லை அறுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அப்படியே உலர்த்தினோம். மறு பாதியைத் தண்ணீரில் மூன்று முறை அலசி உலர்த்தினோம். அலசாத புல்லில் கிலோவுக்கு 21 மில்லிகிராம். அலசியதில் 4. முதல் அலசலில் பாத்திரத்தின் அடியில் செம்மண் ஒரு விரற்கடைப் படலமாகப் படிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. புல் வேர்வழியாக உறிஞ்சிய ஈயம் சொற்பமே. பெரும்பாலும் மேலே ஒட்டிய மண்ணைத்தான் மாடு தின்றிருக்கிறது. கோடையில் புல் குட்டையாகித் தரையோடு கரம்பும்போது, மாடு வேரோடும் மண்ணோடும் சேர்த்துத் தின்னும்.

இதை வைத்துத்தான் மற்ற முடிவுகள்.

ராக் பாஸ்பேட் அல்லது சூப்பர் பாஸ்பேட் போட்டு ஈயத்தைக் கரையாத உப்பாக மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. அறிவியல் சரிதான். ஆனால் இந்த மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்த ஈயம் முன்பே மிகக் குறைவு. மண்ணாகவே மாட்டின் வயிற்றுக்குள் போவதை அது முழுமையாகத் தடுத்துவிடாது. அதிக மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகப் பற்றாக்குறையை வரவழைக்கும், உரத்தோடு வரும் காட்மியம் வேறு. வேண்டாம் என்று விட்டோம். சுண்ணாம்பு இடும் யோசனைக்கு இந்த மண்ணில் பொருளே இல்லை.

செய்தது இவ்வளவுதான்: சோளத்தை நிறுத்தி, மீண்டும் கொழுக்கட்டைப் புல் விதைத்து நிலத்தை மூடுவது. இனி உழுவதில்லை. புல் கணுக்காலுக்கு மேல் நிற்கும் ஐப்பசி முதல் தை வரை மட்டும் மேய்ச்சல். கோடையிலும் ஆடியிலும் மாடு உள்ளே போகக் கூடாது. கிளுவை வேலியடி மண்ணை, அது மட்டும் அள்ளக்கூடிய அளவு என்பதால், மேல் 10 சென்டிமீட்டர் சுரண்டி மூட்டைகளில் அடைத்து அதிகாரிகள் வழியாக அபாயக் கழிவுகளோடு அனுப்பினோம். அந்த அனுமதிக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது.

தோட்டத்துக்காரர் ஒன்றை ஏற்கவில்லை. பள்ளக்கடையில் வரப்பை உயர்த்தச் சொன்னோம். குட்டைக்கு வரும் தண்ணீர் நின்றுவிடும் என்றார். மழையே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும் ஊரில் அந்தக் கவலையை எதிர்த்து வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டோம். அதுவும் தவறாக முடிந்தது.

2020: பள்ளக்கடையில் ஏறிய எண்

2017-இலேயே நிலையான பன்னிரண்டு புள்ளிகளைக் கல் நட்டுக் குறித்திருந்தோம்: எட்டு மேட்டில், நான்கு பள்ளத்தில். ஒவ்வொன்றிலும் 0–5, 5–15, 15–30 சென்டிமீட்டர் எனத் தனித்தனி மாதிரி. இரும்பு வளையத்தால் கன அளவு தெரிந்த மண்ணை எடுத்து எடையும் பார்த்தோம். உழுத மண் பொலபொலவென்றிருக்கும், நாளாக ஆக இறுகும். எடை பார்க்காவிட்டால் அதுவும் ஓர் ஏமாற்று.

2020 மாசியில், ஊரடங்குக்குச் சில வாரம் முன்னால், மறுபடி எடுத்தோம். மேட்டில் சராசரி 96-லிருந்து 91. பள்ளத்தில் 62-லிருந்து 79. ஒரே புள்ளியில் ஒரே நாளில் மூன்று முறை எடுத்தாலே எட்டு விழுக்காடு முன்பின் வருவதை நாங்கள் முன்பே சோதித்து வைத்திருந்தோம். ஆகவே மேட்டில் கண்ட ஐந்து மில்லிகிராம் வீழ்ச்சியை வீழ்ச்சி என்று எழுதவில்லை. பள்ளத்து உயர்வு அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. புல் பிடிப்பதற்கு முன் வந்த மழைகள் மேட்டு மண்ணைக் கீழே உருட்டியிருக்கின்றன. முதலில் அடித்துச் செல்லப்படுவது நுண்ணிய களித்துகள், ஈயம் ஒட்டியிருப்பதும் அதில்தான்.

அப்படியானால் குட்டை? அடிமண்ணை எடுத்துப் பார்த்தோம். 148. காட்டு மண்ணைவிட அதிகம்.

தோட்டத்துக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2018 கோடையில் குட்டையைத் தூர்வாரி, வண்டல் முப்பது டிராக்டர் லோடு தென்னந்தோப்புக்கு அடித்துவிட்டேனே சார்" என்றார். குட்டை வண்டல் நல்ல எரு என்பது இந்தப் பக்கத்தில் பாட்டன் காலத்து அறிவு. ஏரி, குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசும் 2017-இல் வழிசெய்திருந்தது. குட்டையைத் தொட வேண்டாம் என்று எங்கள் அறிக்கை சொல்லவில்லை. குட்டை எங்கள் வரைபடத்திலேயே இல்லை.

தோப்பில் அளந்தோம்: 31. இயல்பைவிட இருமடங்கு. ஒரு லோடு மூன்று டன் என்று கணக்கிட்டால் வர வேண்டியது ஏறத்தாழ அந்த எண்தான். ஆபத்தான அளவு அல்ல. இளநீரில் ஈயம் கண்டறியும் அளவில் இல்லை. ஆனாலும் பேட்டரிக் கொட்டகையின் புகை எட்டாத இடத்துக்கு அதன் ஈயத்தை டிராக்டர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. வழிகாட்டியது எங்கள் மௌனம்.

அந்த ஆண்டே வரப்பை உயர்த்த அவர் ஒப்புக்கொண்டார். முழுதாக அடைக்காமல், கல் அடுக்கி, நீர் வடிந்து மண் தங்கும் விதமாகக் கட்டினார். இரு தரப்புக்கும் இது தோதானது. 2017-இல் நாங்கள் யோசித்திருக்க வேண்டியதும்தான். ஆனால் இந்த வடிவம் அவருடைய கொத்தனாரின் யோசனை.

மாற்றிக்கொண்டவை

இதற்குப் பின் எங்கள் பிரிவில் ஈயம், காட்மியம், குரோமியம் எதை அளந்தாலும் முதல் வேலையாகப் பேச்சுக் கொடுக்கிறோம். கடைசியாக எப்போது உழுதீர்கள், எந்தக் கலப்பை, மண் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரிடம் தனியாக ஒரு முறை. இந்தக் கேள்விகளுக்கு அரை மணி நேரம் போதும். 2013-இல் அதைச் செலவிடவில்லை.

மேல் 5 சென்டிமீட்டரை எப்போதும் தனியாக எடுக்கிறோம். பயிருக்கு உரம் சொல்லும் 15 சென்டிமீட்டர் ஆழம், காற்றில் வந்து விழுந்த மாசைத் தேட ஏற்றதல்ல. முடிவை மில்லிகிராமில் மட்டும் எழுதாமல் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றும் எழுதுகிறோம். முதல் எண்ணை உழவு மாற்றிவிடும், இரண்டாவதை மாற்றாது.

ஒவ்வொரு தொகுதியோடும் பழைய புட்டி மண்ணும் சான்று மண்ணும் பெயரின்றிப் போகின்றன. ஆய்வகத்தையோ கரைக்கும் முறையையோ மாற்ற நேர்ந்தால், இரண்டிலும் ஒரே மாதிரிகளை ஒரு முறையாவது சேர்த்து அளந்த பிறகே மாற்றுகிறோம். கலக்குவதற்குப் பிளாஸ்டிக் தொட்டி, எடுப்பதற்குப் பூச்சில்லாத எஃகுக் கரண்டி. குரோமியம் பூசிய துளைக்கருவியைக் குரோமியம் தேடும் இடத்துக்கு எடுத்துப்போவதில்லை.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல் இருக்கிறது. நூறாண்டு தாண்டியும் அதே பாத்திகள், அதே எரு முறை. மாணவனாக அதைப் பார்த்தபோது, இதில் என்ன இருக்கிறது, ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றியது. மண்ணில் மெல்ல நடக்கும் மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் அளக்கிறவன் அசையாமல் நிற்க வேண்டும் என்பது எனக்கு இந்த நான்கு ஏக்கரில்தான் உறைத்தது.

இன்றைய நிலை

2023 மாசியில் எடுத்த மாதிரிகளில் பள்ளக்கடை 81. உயர்வு நின்றிருக்கிறது என்று சொல்லலாம், குறைந்தது என்று சொல்ல மாட்டோம். மேடு 93. மாடுகளின் இரத்தத்தில் ஈயம் இறங்கியிருக்கிறது, மருத்துவருக்குத் திருப்தி. காட்டு மண்ணில் ஈயம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்போதே இது நடந்திருக்கிறது. தோட்டத்துக்காரர் இதை எளிதில் ஏற்றுக்கொண்டார். "பாம்பு புற்றில் இருக்கிறது, நாம் கையை விடாமல் இருக்கிறோம், அவ்வளவுதானே சார்" என்றார்.

குட்டையில் மறுபடி வண்டல் சேர்ந்திருக்கிறது. அதை அள்ளி என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடை இல்லை. இப்போதைக்கு அள்ளவில்லை.

2013-இன் புட்டிகளில் ஒன்று காலி. மற்றதில் 140 கிராம் மீதி இருக்கிறது. ஒரு சோதனைக்கு ஒரு கிராம் போதும் என்றாலும், ஆரம்பத்தில் பத்து, இருபதாக வாரிக் கொடுத்துவிட்டோம். இப்போது அதைத் திறக்க இருவர் கையெழுத்து வேண்டும். மூடியில் பேனாவால் எழுதிய தேதி மங்கிவிட்டதால், போன மாதம் அதன்மேல் பென்சிலால் மறுபடி எழுதினோம். பென்சில் அழியாது.